மலாய்ப் பழமொழியைத் தமிழில் சொல்வது எப்படி: பகாவ் பக்கத்து மேடைகளுக்கும் அறிக்கைகளுக்கும் ஒரு வழிகாட்டி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெம்போல் மாவட்டத்தில், ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ்ந்த பகாவ் நகரத்தில், மலாய்ப் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை அடிக்கடி எழுகிறது. கோயில் திருவிழாவுக்கு மாவட்ட அதிகாரி வந்து வாழ்த்துரை வழங்குகிறார். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கல்வி அதிகாரி பேசுகிறார். கூட்டுறவுக் கழகத்தின் ஆண்டறிக்கை தேசிய மொழியான மலாயில் அச்சாகி வந்த பிறகு உறுப்பினர்கள் தமிழ்ச் சுருக்கம் கேட்கிறார்கள். இவற்றை மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் சங்கச் செயலாளராகவோ, இடைநிலைப்பள்ளியை முடித்த இளைஞராகவோ, ஓய்வுபெற்ற தோட்டக் கிராணியாகவோ இருப்பார். கணக்கு விவரங்களும் சட்டச் சொற்களும் அவருக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. பேச்சாளர் உற்சாகம் பொங்கி ஒரு பழமொழியை எடுத்து விடும்போதுதான் ஒலிபெருக்கியின் முன்னால் நிற்பவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இந்த மாநிலத்தில் அது சற்று அதிகமாகவே நேரும். இங்குள்ள மலாய்ச் சமூகம் பின்பற்றும் 'அடாட் பெர்ப்பாத்தே' என்ற தாய்வழி மரபு, எதுகையும் இணையடியும் கொண்ட மரபுமொழிகளின் வழியாக வாய்மொழியாகவே தலைமுறைகளைக் கடந்து வந்தது. மாநில ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் 'உண்டாங்' எனப்படும் நான்கு தலைவர்களின் அவையில் மட்டுமல்லாமல், கம்பம் எனப்படும் மலாய்க் கிராமத்துத் திருமண வீட்டிலும் அம்மொழிகள் இன்றும் புழங்குகின்றன. ஆகவே இந்த ஊரில் மேடையில் மொழிபெயர்க்க ஒப்புக்கொள்பவர், பழமொழிக்கும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார் என்று கொள்ள வேண்டும்.

முதலில் இனம் பிரித்துக்கொள்ளுங்கள்

கேட்ட தொடர் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிவது முதல் வேலை. மலாய் இலக்கணம் 'பெரிபஹாசா' என்ற பொதுப்பெயரின் கீழ்ப் பல வகைகளைக் காட்டுகிறது. 'சிம்புலான் பஹாசா' என்பது பெரும்பாலும் இரண்டு சொற்கள் முடிச்சுப் போட்டு ஒரே பொருள் தருவது. அது நம் மரபுத்தொடருக்கு நிகர். 'செப்பெர்த்தி', 'பாகாய்', 'பாக்', 'லக்சானா', 'உம்பாமா', 'இபாராட்' ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு தொடங்குவது 'பெரும்பாமாஆன்', அது உவமைத்தொடர். அந்தச் சொற்கள் இல்லாமல் முழுக் கருத்தாக நிற்கும் 'பிடாலான்', 'பெப்பாத்தா' ஆகியவை பழமொழியோடு ஒத்துப்போகின்றன. நம் தமிழ்ப்பள்ளியில் செய்யுளும் மொழியணியும் படித்தவர்களுக்கு இப்பாகுபாடு புதிதன்று.

வகையை அறிந்தால் வேலை பாதி குறைகிறது, ஏனெனில் ஒவ்வொரு வகையையும் தமிழாக்கும் முறை வேறு. மரபுத்தொடரை ஒருபோதும் உடைத்து மொழிபெயர்க்கக் கூடாது. அதை ஒரு வினையாகவோ ஒரு பண்பாகவோ கரைத்துவிட வேண்டும். 'மாக்கான் காஜி' என்பதில் உண்பதைக் குறிக்கும் மாக்கான் இருப்பதற்காகச் சம்பளத்தைத் தின்ன வேண்டியதில்லை. அவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார், அவ்வளவுதான். 'மாக்கான் சுவாப்' என்பவர் லஞ்சம் வாங்குகிறார். 'மாக்கான் ஹாத்தி' என்பவர் வெளியே சொல்ல முடியாமல் மனத்துக்குள் புழுங்குகிறார். 'மாக்கான் ஆங்கின்' என்பதற்குக் காற்று வாங்குதல் என்று எழுதத் தோன்றும். ஆனால் தமிழில் காற்று வாங்கப் போகிறவர் சாயங்காலம் திடல் வரை நடந்துவிட்டு வீடு திரும்பிவிடுவார். மலாயில் அதே தொடர் கேமரன் மலைக்குப் போய் இரண்டு இரவு தங்குவதையும் குறிக்கும். எனவே சுற்றுலா, உல்லாசப் பயணம் என்று இடத்துக்கேற்பச் சொல்வதே நேர்.

சில மரபுத்தொடர்களுக்குத் தமிழிலேயே அழகான இணை உண்டு. 'லாங்கா செரிபு', அதாவது ஆயிரம் எட்டு, என்பதற்குப் பின்னங்கால் பிடரியில் பட ஓடுவது இருக்கிறது. கொத்திலிருந்து எளிதில் ஒடியாத, ஜெரிங் என்ற காயின் காம்பை வைத்துக் கஞ்சனைச் சொல்லும் 'தாங்காய் ஜெரிங்' என்பதற்கு எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் இருக்கிறார். எலும்பு இலேசானவர் என்று சொல்லும் 'ரிங்கான் தூலாங்' என்பதற்கு உடம்பு வணங்கி வேலை செய்பவர் என்பது பொருந்தும். ஆனால் பந்தை உதைக்கத் தெரியாதவரை முக்காலிக் காலாக்கும் 'காக்கி பாங்கு' என்பதற்கு இணை தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. காற்பந்து வராது என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகலாம்.

படத்தை விட்டுச் செயலைப் பாருங்கள்

பழமொழிக்கும் உவமைத்தொடருக்கும் வரும்போது, எடுத்த எடுப்பில் தமிழ் இணையைத் தேடுவதைத் தவிர்க்க வேண்டும். அதற்கு முன் இன்னொரு வரி எழுதிக்கொள்ள வேண்டும்: இந்தப் பழமொழியைக் கொண்டு இவர், இந்த இடத்தில், யாரை, என்ன செய்கிறார்? பாராட்டுகிறாரா, இடித்துரைக்கிறாரா, எச்சரிக்கிறாரா, ஆறுதல் சொல்கிறாரா, தன்னைத் தாழ்த்திக்கொள்கிறாரா என்று அந்த வரி சொல்ல வேண்டும். பழமொழியில் வரும் ஆடு, மாடு, மூங்கில், முட்டை எதுவும் அந்த வரியில் இருக்கக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் மாணவர்களைப் பார்த்து, 'ஜாங்ஙான் ஜாடி செப்பெர்த்தி காச்சாங் லூப்பாக்கான் கூலிட்' என்கிறார். நிலக்கடலை தன் ஓட்டை மறந்ததைப் போல ஆகிவிடாதீர்கள் என்பது சொல்லுக்குச் சொல் வரும் பொருள். நன்றி மறந்தவரைப் பற்றிய தமிழ்த் தொடர்கள் நமக்கு நிறையவே உண்டு. ஏறிய ஏணியை எட்டி உதைப்பது ஒன்று. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது மற்றொன்று. இரண்டும் நினைவுக்கு வந்தவுடன் வாயில் வந்துவிடும் என்பதே இங்குள்ள ஆபத்து. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது துரோகம். சோறு போட்ட கையைக் காட்டிக்கொடுப்பது. ஏணியை உதைப்பது துரோகம் அளவுக்குப் போகாவிட்டாலும், வேண்டுமென்றே செய்யும் அவமதிப்பு. கடலையோ ஓட்டுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. தன்னைப் பொத்தி வளர்த்ததை மறந்துவிட்டது, அவ்வளவே. லயத்து வீட்டில் பிறந்து, பல்கலைக்கழகம் போய், கோலாலம்பூரில் குடியேறி, தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்காத ஒருவரைத்தான் அந்த உவமை சுட்டுகிறது. ஆகவே பத்து வயதுப் பிள்ளைகளைப் பார்த்து இரண்டகம் செய்யாதீர்கள் என்று தமிழில் முழங்கினால், விருந்தினர் கனிவாகச் சொன்ன அறிவுரை குற்றச்சாட்டாக மாறிவிடும். எவ்வளவு உயர்ந்தாலும் வந்த வழியை மறந்துவிடாதீர்கள் என்று பழமொழியே இல்லாமல் சொல்வது, இரண்டு பழமொழிகளைவிடவும் மூலத்துக்கு நெருக்கமானது.

பொருளோடு, பழமொழி கேட்பவர் மேல் எவ்வளவு அழுத்தமாக விழுகிறது என்பதும் முக்கியம்; அதையே எடை என்கிறேன். பொருள் ஒத்திருந்தும் எடை மாறினால் அது தவறான மொழிபெயர்ப்பே. 'மெலெந்தூர் பூலோ பியார்லா டாரி ரெபுங்ஞா' என்பதற்கு, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பதை எல்லாப் பாடக்குறிப்புகளும் இணையாகத் தருகின்றன. பொருளில் பழுதில்லை. ஆனால் மலாய்ப் பழமொழி, மூங்கிலை வளைக்க வேண்டுமானால் குருத்திலேயே வளைத்துவிடுங்கள் என்று வழி சொல்கிறது. தமிழ்ப் பழமொழி, காலம் கடந்தால் முடியாது என்று கதவைச் சாத்துகிறது. பாலர் பள்ளிப் பெற்றோரிடம் எதைச் சொன்னாலும் சரிதான். இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் வளர்ந்த பையனின் தகப்பனாரிடம் தமிழ்ப் பழமொழியைச் சொன்னால், இனி உங்கள் பிள்ளை தேறமாட்டான் என்று கேட்கும். அங்கே, வளரும்போதே வளைக்க வேண்டும் என்று எளிமையாகச் சொல்வது நல்லது.

அச்சாக ஒத்திருப்பவையும் ஒத்திருப்பதுபோல் நடிப்பவையும்

சில இடங்களில் இரண்டு மொழிகளும் வியக்கத்தக்க வகையில் ஒரே படத்தையே பிடித்திருக்கின்றன. 'ஹாராப்கான் பாகார், பாகார் மாக்கான் பாடி' என்பது வேலியே பயிரை மேய்ந்த கதை. 'பாகாய் இசி டெங்ஙான் கூக்கு' என்பது நகமும் சதையும் போல. 'ஆயர் டிச்சிஞ்சாங் தீடாக் ஆக்கான் பூத்துஸ்' என்று நீரை வெட்டினாலும் துண்டாகாது என மலாய்க்காரர் உடன்பிறப்புகளின் சண்டையைப் பற்றிச் சொல்வதை, நீரடித்து நீர் விலகாது என்று நாமும் அதே சண்டையைப் பற்றியே சொல்கிறோம். தேங்காய்ச் சிரட்டையின் கீழ் இருக்கும் தவளைக்கு நம் கிணற்றுத் தவளை உடன்பிறப்பு. இவற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கேட்போர் முகத்தில் மலர்ச்சியே தெரியும்.

இந்த வெற்றி தரும் துணிச்சல்தான் அடுத்த குழியில் தள்ளுகிறது. 'பாகாய் மெஞ்சூரா ஆயர் கெ டாவுன் கெலாடி', அதாவது சேம்பு இலையில் நீர் ஊற்றியதுபோல, என்றதும் தமிழருக்குத் தாமரை இலைத் தண்ணீர் நினைவுக்கு வருவது இயல்பு. இரண்டு இலையிலும் தண்ணீர் ஒட்டாது. ஆனால் பொருளில் இரண்டுக்கும் உறவே இல்லை. தாமரை இலை நீர் பற்றற்று வாழ்வதைக் குறிக்கும். அதில் ஒரு மேன்மை உண்டு. சேம்பு இலை நீரோ எவ்வளவு புத்தி சொன்னாலும் ஏறாததைக் குறிக்கும். அதில் ஏச்சு உண்டு. காவல்துறை அதிகாரி ஒருவர் போக்குவரத்து விதிகளைப் பற்றிப் பேசி, இளைஞர்களுக்கு அறிவுரை சொல்வது கெலாடி இலையில் நீர் ஊற்றுவதுபோல் என்று வருந்தும்போது, நம் இளைஞர்கள் தாமரை இலை நீர்போல் வாழ்கிறார்கள் என்று தமிழில் வந்தால், அவர்களைத் துறவிகளாக்கிய புண்ணியம் மொழிபெயர்ப்பாளரைச் சேரும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பதே அதன் இணை. அவையில் காது கேளாதவர் இருந்தால் அதையும் தவிர்த்து, ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

உடலுறுப்புகளை வைத்து அமைந்த தொடர்களில் இந்தக் குழி இன்னும் ஆழமானது. 'பெசார் ஹாத்தி' என்பதை அப்படியே பெயர்த்தால் பெரிய மனது. தமிழில் பெரிய மனது என்பது தாராள குணமும் மன்னிக்கும் இயல்பும். மலாயிலோ பூரிப்பும் பெருமிதமும். உங்கள் கோயிலுக்கு வந்ததில் எனக்குப் பெசார் ஹாத்தி என்று அதிகாரி சொன்னதை, பெரிய மனது வைத்து வந்திருக்கிறேன் என்று மொழிபெயர்த்தால் அவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொண்டதாகும். அதேபோல் 'கெச்சில் ஹாத்தி' என்பது சின்னப் புத்தி அன்று, மனம் நொந்துபோவது.

ஊர்வனவற்றிலும் இதே சிக்கல் உண்டு. நம் நாட்டுத் தமிழ் நாளேடுகள் சட்டவிரோதமாகக் கடன் கொடுப்பவரை வட்டி முதலை என்று எழுதுகின்றன; மலாயிலோ தரையில் வாழும் முதலையான 'புவாயா டாராட்' என்பவர் பெண்களைத் துரத்தித் திரிபவர். கடுவட்டிக்காரருக்கு மலாய் வைத்த பெயர் 'லிந்தா டாராட்', தரை அட்டை. கூட்டுறவுக் கழகத்தின் கடன் விழிப்புணர்வுத் துண்டறிக்கையில் வட்டி முதலையை அவசரத்தில் புவாயா டாராட் என்று மலாயாக்கினால், உறுப்பினர்கள் வேறு வகையான எச்சரிக்கையைப் படித்துக்கொள்வார்கள்.

தோட்டத்துக்காரர்களை மட்டுமே தடுமாற வைக்கும் ஒரு பழமொழியும் உண்டு. 'செஓராங் மாக்கான் நாங்கா, செமுவா கெனா கெத்தாஞா' என்பதில் வரும் 'கெத்தா' என்ற சொல் நமக்கு ரப்பரையும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டையும், பால் வாளியையுமே நினைவூட்டும். ஆனால் அச்சொல் எந்த மரத்தின் பாலையும் பிசினையும் குறிக்கும் பழஞ்சொல். ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வழியாக இந்த மண்ணுக்கு வந்ததோ 1877-இல்தான். பழமொழியில் இருப்பது பலாப்பழத்துப் பால். ஒருவர் சுளையைத் தின்ன, எல்லார் கையிலும் பிசுபிசுப்பு ஒட்டிக்கொள்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதற்கு மிகவும் பொருந்திவரும்.

'பாகாய் பினாங் டிபெலா டுவா' என்பதைத் திருமண அழைப்பிதழிலும் வாழ்த்து மடலிலும் அடிக்கடி காணலாம். இரண்டாகப் பிளந்த பாக்கு என்பதைக் கேட்டு, மணமக்கள் முகச்சாயலில் ஒரே மாதிரி இருப்பதாகச் சிலர் எழுதிவிடுகிறார்கள். அண்ணன் தங்கைக்கு அது பொருந்தும், மணமக்களுக்கு ஆகாது. எல்லா வகையிலும் ஒருவருக்கொருவர் ஏற்ற இணை என்பதே கருத்து. ஜாடிக்கேற்ற மூடி என்ற தமிழ்த் தொடர் பொருளில் அருகில் வந்தாலும் அதில் கேலி கலந்திருப்பதால், மணமேடைக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம்.

எந்த வாயில் எது ஏறும்

மலாய்ப் பழமொழிகள் சிலவற்றை அமைச்சர்கூட மேடையில் கூச்சமின்றிச் சொல்வார். அவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கோயில் மண்டபம் முகம் சுளிக்கும். தொடக்கத்தில் பொங்கி விரைவில் ஆறிப்போகும் ஊக்கத்தைக் குறிக்கும் 'ஹாங்காட்-ஹாங்காட் தாஹி ஆயாம்' என்பது கோழி எச்சத்தின் சூட்டைத்தான் சொல்கிறது. மலாயில் அது தேய்ந்து மென்மையாகிவிட்டது. தமிழில் அப்படிச் சொன்னால் நாற்றம் போகாது. ஆரம்ப சூரத்தனம் என்ற தொடர் இருக்கும்போது கோழியைத் தேட வேண்டியதில்லை.

இதற்கு மாறாக, மலாயில் எவரையும் தொடாத பழமொழி தமிழில் ஒரு சாதியைத் தொட்டுவிடுவதும் உண்டு. 'ஆடா ஊடாங் டி செபாலிக் பாத்து', அதாவது பாறைக்குப் பின்னால் இறால் இருக்கிறது, என்பது உள்நோக்கம் இருப்பதைச் சுட்டும். தமிழில் உடனே வருவது சோழியன் குடுமி சும்மா ஆடாது. அடுத்தபடி ஆதாயம் இல்லாமல் ஆற்றோடு போகாத செட்டியார். இரண்டும் ஒரு சமூகத்தின் பெயரை இழுக்கின்றன. வீட்டுக்குள் சிரித்துப் பேசும்போது யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஒலிபெருக்கியில் அது வேறு. இறாலை அப்படியே விட்டு, பாறைக்குப் பின்னால் ஏதோ இறால் ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் இந்த ஊரில் எல்லோருக்கும் புரியும்.

மலாய்ப் படத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வதை நம்மில் பலர் குறைபாடாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தமிழ் இணை என்றால் தமிழ்நாட்டுப் படம் என்று பொருள் கொள்வதால் வரும் எண்ணம் அது. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்றால் ஜெம்போல் பிள்ளைக்கு எந்தச் சலசலப்பு காதில் விழும்? அவன் பார்த்தது செம்பனை. பனையோலை காற்றில் எழுப்பும் ஓசையை அவன் கேட்டதில்லை. மாறாக, லாலான் புல்லும் மூங்கில் குருத்தும் சேற்று ஆறும் அவன் நாள்தோறும் காண்பவை. நெல் முற்ற முற்றத் தலை சாயும், லாலான் வளர வளர நிமிர்ந்தே நிற்கும் என்று மலாய்க்காரர் பணிவைப் பற்றிச் சொல்வதை, நிறைகுடம் தளும்பாது என்று சுருக்கிவிட்டால் நெல்லோடு லாலானும் போய்விடும். ரப்பர்க் கன்றுகளுக்கிடையே லாலானோடு மல்லுக்கட்டிய மூத்தோர் அமர்ந்திருக்கும் அவையில் அது பெரிய இழப்பு. அங்கே படத்தை அப்படியே தமிழில் சொல்வதே சரி.

'காஜா சாமா காஜா பெர்ஜுவாங், பெலாண்டுக் மாத்தி டி தெஙா-தெஙா' என்பதற்கும் இதே முடிவுதான். யானைகள் மோத, நடுவில் சருகுமான் சாகிறது. மோதும் ஆட்டுக்கடாக்களுக்கிடையில் நசுங்கிய பஞ்சதந்திர நரியைச் சிலர் இணையாகக் காட்டுவர். ஆனால் அந்த நரி இரத்தத்தை நக்கும் ஆசையால் தானே போய் மாட்டிக்கொண்டது. சருகுமான் எந்தத் தவறும் செய்யவில்லை. இரண்டு தலைவர்களின் சண்டையில் அல்லல்படும் உறுப்பினர்களைப் பற்றிப் பேசும்போது நரியைச் சொன்னால், பழி அவர்கள் மேலேயே விழும். யானைகளையே வைத்துக்கொள்ளுங்கள். சருகுமான் என்ற அகராதிச் சொல் அவைக்குப் புரியாது என்று தோன்றினால், பள்ளிக் கதைகளால் எல்லோரும் அறிந்த 'கஞ்சில்' என்ற பெயரே போதும்.

தமிழில் இணையும் இல்லை, படமும் எடுபடவில்லை என்னும்போது

இந்த நிலையில் ஒன்று, பழமொழியை விட்டுப் பொருளை மட்டும் சொல்லலாம். அல்லது புதிதாக ஒரு தொடரைக் கட்டலாம். புதிதாகக் கட்டுவதானால் ஓசை இல்லாமல் கட்டக் கூடாது. மோனையோ எதுகையோ இயைபோ இல்லாத வரியைத் தமிழ்க் காது பழமொழியாக ஏற்றுக்கொள்வதில்லை. 'ஆலா மெம்பெலி, மெனாங் மெமாக்காய்' என்பது விலை கூடிய பொருள் நீடித்து உழைப்பதைச் சொல்லும். வாங்கும்போது வலிக்கும், பயன்படுத்தும்போது பலிக்கும் என்று கட்டிப் பார்த்தால் காதில் நிற்கிறது.

அடாட் பெர்ப்பாத்தே மரபுமொழிகளில் இந்த உத்தி மிகவும் தேவைப்படும். 'பூலாட் ஆயர் கெரானா பெம்பெத்துங், பூலாட் மனுசியா கெரானா முவாஃபாகாட்', அதாவது குழாயால் நீர் பூலாட் ஆகும், கலந்து பேசுவதால் மனிதர் பூலாட் ஆவர், என்பதில் பூலாட் என்ற சொல்லுக்கு உருண்டை என்ற பொருளோடு ஒருமைப்பட்டது என்ற பொருளும் உண்டு. தமிழில் அந்த இரட்டைப் பொருள் இல்லாததால் உருண்டையான மனிதர்களே மிஞ்சுவார்கள். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று எல்லோரும் சொல்லும் இணை அரைகுறையானது: அது ஒற்றுமையின் பயனைச் சொல்கிறது, மூலமோ கலந்து பேசி ஒரு முடிவுக்கு வரும் வழியைச் சொல்கிறது. குழாயின் வடிவே நீரின் வடிவு, கலந்து பேசியதே ஊரின் முடிவு என்பது நான் பரிந்துரைக்கும் வடிவம்.

'பியார் மாத்தி அனாக், ஜாங்ஙான் மாத்தி அடாட்' என்பதை மட்டும் மிகுந்த கவனத்தோடு தொட வேண்டும். பிள்ளை செத்தாலும் சாகட்டும், மரபு சாகக் கூடாது என்று தமிழ் மேடையில் ஒலித்தால் தாய்மார்கள் பதறிவிடுவார்கள். மனுநீதிச் சோழனைக் கொண்டாடும் நமக்கு அக்கருத்து அந்நியமன்று; ஆனாலும் கதையாகக் கேட்பது வேறு, வாழ்த்துரையில் கேட்பது வேறு. எதை இழந்தாலும் மரபை இழக்கக் கூடாது என்பது இந்த மண்ணின் மூத்தோர் வாக்கு என்று, யாருடைய வாக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது பாதுகாப்பானது.

நின்ற இடத்தில் மொழிபெயர்க்கும்போது

பேச்சின் படியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அதிகாரியின் உதவியாளர் கைத்தொலைபேசியில் அனுப்பிவிடுவார். புரியாத பழமொழியை, மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் அகராதியில் பார்க்கும்போது, ஒட்டுகளை நீக்கிய வேர்ச்சொல்லின் கீழ்த் தேட வேண்டும்: 'மெஞ்சூரா' என்பது 'சூரா' என்ற சொல்லின் கீழ் இருக்கும். அந்நிறுவனத்தின் இணையத்தளத்திலும் பழமொழிகளைத் தேடலாம். ஒரே பழமொழி பல வடிவங்களில் வழங்குவதையும் மனத்தில் கொள்ளுங்கள். 'லெம்பு பூஞா சூசூ, சாப்பி டாப்பாட் நாமா' என்று கேட்டால் பசுவின் பாலுக்குப் பசுவே பெயர் வாங்குவதில் என்ன குறை என்று குழப்பம் வரும். எருமையான 'கெர்பாவ்' வரும் வடிவத்தைப் பார்த்தால், பால் எருமையுடையது, பெயர் பசுவுக்கு என்று தெளிவாகிவிடும்.

படி கிடைக்காமல், பேச்சின் நடுவில் முன்பின் கேட்டிராத பழமொழி வந்தால் அவசரப்பட வேண்டாம். பேச்சாளர்கள் பெரும்பாலும் அடுத்த வாக்கியத்திலேயே 'மக்சூட்ஞா', அதாவது இதன் பொருள், என்று சொல்லி விளக்குவார்கள். அது வரும்வரை காத்திருந்து இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். விளக்கம் வராவிட்டால் மலாய்த் தொடரை ஒரு முறை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, பேச்சின் போக்கிலிருந்து கிடைக்கும் கருத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு மலாய் தெரியும். தொடரைச் சரியாக உச்சரித்தாலே அவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். தமிழில் இதற்குச் சொல் இல்லை என்று மட்டும் அறிவிக்காதீர்கள். அந்த அறிவிப்பால் அவைக்கும் பயனில்லை, பேச்சாளருக்கும் பெருமையில்லை.

அச்சில் வருவதற்குச் சற்று வேறு நடைமுறை வேண்டும். மலாய்த் தொடரை ஒற்றை மேற்கோளில் தமிழ் எழுத்தில் தந்து, தமிழாக்கத்தை அதே வாக்கியத்துக்குள் கலந்துவிடுவது படிக்க இதமாக இருக்கும். அச்சுக்கு அனுப்புமுன், தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவரிடமும் இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவரிடமும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். முதியவருக்குத் தமிழ்ப் பழமொழி உடனே பிடிபடும், மாணவருக்கு மலாய்ப் படம் உடனே பிடிபடும். எந்த வரியில் இருவரில் ஒருவர் தயங்குகிறாரோ அந்த வரியில் பழமொழியை எடுத்துவிட்டு, அதன் பொருளை நேரடியாக எழுதுங்கள்.